குறை வைக்காத மருந்து

திருச்சி எடமலைப்பட்டி புதூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் வளவனுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால், அது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். குறை. வருமான வரிக்காரருக்கு அவன் பயந்ததில்லை. பாம்புக்குப் பயந்ததில்லை. பெண்டாட்டிக்குக்கூட ஊருக்கு ஒத்த அளவுதான் பயம். ஆனால் ‘மாப்பிள்ளைக்குக் குறை வெச்சுட்டாங்க’ என்று யாராவது எங்கேயாவது சொல்லிவிடுவார்களோ என்ற நினைப்பு வந்துவிட்டால் போதும், மனுஷனுக்குக் கை கால் ஓடாது.

காரணம் இல்லாமல் இல்லை. தங்கை செல்லக்கிளியின் கல்யாணத்தில் பந்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனிடம் இருந்தது. தொட்டியத்து மாப்பிள்ளை நல்லதம்பியின் சனம், சொன்னதைவிட ஒரு பஸ் அதிகமாக வந்து இறங்கியது. கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. வளவன் பதறிப்போய், வாளியின் அடியில் கிடந்ததில் வெந்நீரை ஊற்றிக் கலக்கி, முகத்தில் சிரிப்பு மாறாமல் பரிமாறிக்கொண்டே போனான். மாப்பிள்ளைக்கு அத்தை ஒருத்தர் இருந்தார். முசிறி அத்தை என்றால் சொந்தபந்தம் மொத்தமும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். இலையை விட்டு வெளியே ஓடிய பாயசத்தைக் கையால் அணைகட்டியபடி அந்த அம்மாள் கேட்டார்: “ஏப்பா, இது பாயசமா, கை கழுவுற தண்ணியா?”

பந்தியே சிரித்தது. வளவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து அவன் கை நீண்டுகொண்டே போனது. தலைதீபாவளிக்கு எல்லாரும் செய்வதைப்போல் இரண்டு மடங்கு செய்தான். தங்கை மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீரை மினி லாரியில் ஏற்றி, முன்னால் செண்டை மேளம் விட்டு, தொட்டியத்துக் கடைத்தெருவில் போக்குவரத்தையே நிறுத்தினான். வாழைத்தார் வியாபாரியான நல்லதம்பி அதிகம் பேசாத மனுஷர். “எதுக்கு மச்சான் இதெல்லாம்?” என்று மட்டும் கேட்பார். அவர் நிஜமாகவேதான் கேட்டார். வளவனோ அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அடுத்த விசேஷத்துக்கு இன்னும் சில தட்டுகளைச் சேர்ப்பான். முசிறி அத்தை எல்லாத் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்து “ம்” என்பார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று வளவன் ஊர் திரும்பும் வழியெல்லாம் யோசிப்பான்.

அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளைக்குப் பித்தப்பையில் கல் வந்து, அது சீழ் பிடித்து, தென்னூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் படுக்கவைத்தார்கள். கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு, அதன் வழியாகத்தான் மருந்தும் குளுக்கோஸும் ஏறிக்கொண்டிருந்தன. வளவன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே குடிவந்துவிட்டான். பார்க்க வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றான். காபி வாங்கிக் கொடுத்தான். “சாப்பிட்டுத்தான் போகணும்” என்று கையைப் பிடித்து கேன்டீனுக்கு இழுத்தான். சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் வைக்காததுதான் பாக்கி.

ஐ.சி.யூ.வைப் பார்த்துக்கொண்டது லின்சி என்ற டாக்டர். சின்ன வயசு, மெல்லிய குரல். அந்தக் குரலே வளவனுக்கு ஒரு குறையாகப் பட்டது.

“ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கு சார். காய்ச்சல் லேசா இருக்கு, எறங்கிடும். இப்ப ஓடுற ஆன்டிபயாட்டிக்கே கேக்குது. இது போதும்” என்றார் லின்சி.

வளவனுக்கு இந்தப் ‘போதும்’தான் ஆகவே ஆகாது.

“இருக்குறதுலயே பெரிய மருந்து எது டாக்டர்? அதைப் போடுங்க.”

“மருந்துல பெருசு சின்னதுன்னு இல்ல சார். எந்தக் கிருமிக்கு எது கேக்குதோ அதுதான் மருந்து. கடைசியா வெச்சுருக்கறத எடுத்த எடுப்புலயே போட்டோம்னா, அதுக்கும் அடங்காத கிருமி ஒண்ணு வந்து உக்காந்துக்கும். அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இருக்காது.”

“அதெல்லாம் மத்தவங்களுக்கு டாக்டர். இவரு எங்க வீட்டு மாப்பிள்ளை.”

கிருமிக்கு மாப்பிள்ளை என்றும் மாமனார் என்றும் தெரியாது என்று சொல்ல லின்சி வாயெடுத்தார். அதற்குள் வளவன் லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தான். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரின் வீட்டு மாடிக்கு டைல்ஸ் போட்டது வளவன் கடைதான். லிஃப்டில் ஏறியிருந்த அவரைக் கதவுக்கு நடுவில் காலை வைத்து மறித்துக்கொண்டு, மாடியில் ஒழுகல் எதுவும் இருக்கிறதா என்று ஆரம்பித்து, மருந்தில் கொண்டுவந்து முடித்தான். பெரிய டாக்டருக்கு அடுத்த ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது. “சரிங்க, இவ்வளவு ஆசைப்படுறீங்க. மாத்திடச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு லிஃப்டை மீட்டுக்கொண்டு போனார்.

‘தொட்டியம் சொந்தங்கள்’ என்று ஒரு வாட்ஸப் குரூப். அதில் தினமும் விடிந்ததும் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு பொன்மொழி போடுவது வளவனின் வழக்கம். அன்றைக்குக் காலையில் போட்டிருந்தது, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. அதற்குக் கீழேயே சாயந்திரம் எழுதினான்: ‘மாப்பிள்ளைக்கு இருப்பதிலேயே பெரிய மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் ஒரு குறையும் வைக்கவில்லை.’ ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த முசிறி அத்தை குரலிலேயே பதில் அனுப்பினார். “பரவால்லையே வளவா.”

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. வளவன் போனைக் காதில் வைத்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். யாரோ முக்கியமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்து வராந்தாவில் மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு மத்தியானம் நல்லதம்பிக்குக் குளிர் எடுத்தது. சாதாரணக் குளிர் இல்லை. கட்டிலே தடதடவென்று ஆடியது. காய்ச்சல் ஏறியது, பிரஷர் இறங்கியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரோ எவரோ என்று பார்த்தார். லின்சி ஓடிவந்து, கையிலிருந்தும் கழுத்துக் குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

“இதைவிடப் பெருசு ஏதாவது இருக்கா டாக்டர்?” என்று வளவன் கேட்டான்.

“இல்ல சார். நீங்க கேட்டு வாங்குனதுதான் கடைசி.”

மறுநாள் லேபிலிருந்து தகவல் வந்ததும் லின்சி அண்ணனையும் தங்கையையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். செல்லக்கிளி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நுனியில் உட்கார்ந்தாள்.

“ரத்தத்துல ஒரு கிருமி வளந்திருக்கு. ஆஸ்பத்திரில, ஈரம் இருக்குற எடம், குழாய், அதுங்கள்ல ஒட்டிக்கிட்டு இருக்குற கிருமி. கழுத்துக் குழாய் வழியா உள்ள போயிருக்கு. நாம போட்டுக்கிட்டு இருக்குற மருந்து இதை ஒண்ணும் செய்யாது.”

“பெரிய மருந்துக்கே அடங்கலையா?” என்றான் வளவன்.

“பொறக்கும்போதே அந்த மருந்துக்குப் பயப்படாத கிருமி சார் இது. பெரிய மருந்து மத்த கிருமியெல்லாத்தையும் அடிச்சு வெரட்டிடுச்சு. எடம் காலியாச்சு. இது வந்து உக்காந்துக்கிச்சு.”

வளவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பந்திதான் தோன்றியது. உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அழையாமல் வந்த ஒருத்தனுக்கு மட்டும் தலைவாழை இலை போட்டு, மாப்பிள்ளையின் உடம்பையே பரிமாறியிருக்கிறான். கெஞ்சிக் கேட்டு, லிஃப்டை மறித்து, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் திருச்சியிலேயே தன்னைவிட்டால் வேறு யாரும் இருக்க முடியாது என்று நினைத்தான்.

“நான் கேக்காம இருந்திருந்தா இது வந்திருக்காதா டாக்டர்?”

“அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது சார். கேக்கலைன்னாலும் வந்திருக்கலாம். ஆனா நாம கதவைத் தொறந்து வெச்சுட்டோம். நீங்க கேட்டீங்க, நாங்க குடுத்தோம். வேணாம்னு நானும் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்.” பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “இப்ப ஒண்ணு இருக்கு. லேப்ல பல மருந்த வெச்சுப் பாத்ததுல ஒரு மருந்து நல்லாக் கேக்குது.”

மருந்தின் பேரைச் சொன்னார்.

வளவனுக்கு அந்தப் பேர் தெரியும். திருச்சி ஜில்லாவில் வளர்ந்த யாருக்குத்தான் தெரியாது? வெள்ளையாக, பட்டையாக, முழுங்கினால் தொண்டையில் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகும் மாத்திரை. வயிற்றுப்போக்கு என்றாலும் அதுதான், சளி என்றாலும் அதுதான், அரசாங்க ஆஸ்பத்திரி ஜன்னலில் கையை நீட்டினால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.

“ஊர் ஆஸ்பத்திரில அள்ளிக் குடுப்பாங்களே, அதுவா?”

“அதேதான் சார். பழசா புதுசான்னு கிருமி பாக்காது. இதுக்கு அது கேக்குது, அவ்வளவுதான். கழுத்துக் குழாயை எடுத்துட்டு, அந்த மாத்திரையப் பொடிச்சு மூக்குக் குழாய் வழியாக் குடுக்க ஆரம்பிக்கணும். இப்பவே.”

ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பூனை நம் வீட்டு மாப்பிள்ளையின் கட்டிலில்தானா வந்து உட்கார வேண்டும்?

“சென்னைக்குக் கொண்டுபோயிடலாம் டாக்டர். நல்ல ஆம்புலன்ஸா நான் ஏற்பாடு பண்றேன்.”

“இந்தப் பிரஷர்ல சமயபுரம் டோல்கேட்டத் தாண்டுறதே கஷ்டம் சார். அங்க போனாலும் இதே மாத்திரையத்தான் குடுப்பாங்க. நேரம்தான் போகும். இன்னிக்கு ஆரம்பிச்சா காப்பாத்த வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா அது இல்ல.”

வளவன் நெற்றியைத் துடைத்தான். உள்ளே ஒரு உயிர் ஊசலாடுகிறது என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் பழக்கதோஷம், வாயிலிருந்து வந்தது இதுதான்: “முசிறி அத்தைக்கு என்னன்னு பதில் சொல்றது?”

அதுவரை வாயைத் திறக்காத செல்லக்கிளி திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

“ஏண்ணே, பாத்ரூமுக்குப் பளபளன்னு டைல்ஸ் கேட்டு வர்றவங்ககிட்ட நீ என்ன சொல்லுவ?”

“இப்ப எதுக்குடி அது?”

“சொல்லு.”

“அங்க சொரசொரப்பாத்தான் போடணும், வழுக்கி விழுந்து இடுப்பு போயிடும்னு சொல்லுவேன்.”

“எங்களால வாங்க முடியாதுன்னு நெனச்சீங்களான்னு அவங்க கோவிச்சுக்கிட்டா?”

அப்படிக் கோபித்துக்கொண்டவர்களோடு வளவன் கடை வாசலில் நின்று கத்தியதைச் செல்லக்கிளி நேரிலேயே பார்த்திருக்கிறாள்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து செஞ்சுக்கிட்டே இருக்க. நான் ஒரு தடவைகூட வேணும்னு கேட்டதில்லண்ணே. வேணாம்னு சொன்னா நீ மனசு நோவன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் நிற்கவில்லை. “எனக்குச் சீர் வேணாம். புருஷன் வேணும்.”

பிறகு லின்சி பக்கம் திரும்பி, “குடுங்க டாக்டர்” என்றாள்.

சாயந்திரம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, பாலத்தைத் தாண்டி, முசிறி அத்தை வந்து சேர்ந்தார். கையில் பெருமாள் கோயில் துளசி. வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த வளவன் பக்கத்தில் பெருமூச்சோடு அமர்ந்தார். அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“என்னப்பா, பெரிய மருந்து ஓடுதுன்னியே, எப்படி இருக்கான்?”

பொய் சொல்ல நல்ல வசதி. ‘ஓடுது அத்தை’ என்றால் முடிந்தது. உள்ளே எதை இடித்துப் பொடிக்கிறார்கள் என்று அத்தை போய்ப் பார்க்கப்போவதில்லை. வளவனும் அப்படித்தான் வாயைத் திறந்தான். ஆனால் மூடியிருந்த அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் வேறு வந்துவிட்டது.

“பெரிய மருந்து கெடுத்துடுச்சு அத்தை. டாக்டர் வேணாம்னாங்க. நான்தான் சிபாரிசு புடிச்சு வாங்கிப் போட்டேன். இப்ப ஊர் ஆஸ்பத்திரி மாத்திரையத்தான் பொடிச்சு ஊத்துறாங்க. பொழைக்கணும்னா அதுலதான் பொழைக்கணும்.” சொல்லிக்கொண்டே வந்தவன் அழ ஆரம்பித்தான். டைல்ஸ் பெட்டியைத் தனியாளாகத் தூக்கும் தோள் குலுங்கியது. “கல்யாணத்துல பாயசத்துல குறை வெச்சேன். மருந்துலயாவது குறை வெச்சுடக் கூடாதுன்னு நெனச்சேன் அத்தை. என் தங்கச்சி புருஷனை நானே…”

அத்தை அவனையே பார்த்தார்.

“எந்தப் பாயசம்?”

“தண்ணிப் பாயசம் அத்தை. இது பாயசமா, கை கழுவுற தண்ணியான்னு கேட்டீங்களே.”

“நானா கேட்டேன்?” அத்தை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. “கேட்டிருப்பேன். நான் எந்தக் கல்யாணத்துலப்பா ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வந்திருக்கேன்? அதையெல்லாமா ஒரு மனுஷன் ஞாபகம் வெச்சுக்குவான்?”

வளவனுக்கு அழுகை நின்றுவிட்டது. தலைதீபாவளி, காதுகுத்து, மினி லாரி, செண்டை மேளம் எல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்று, அப்போ நாங்களெல்லாம் எதுக்கு வந்தோம் என்று கேட்டன. சிரிப்பு வந்தது. கதவுக்கு உள்ளே இருப்பவரை நினைத்ததும் அது பாதியில் நின்றது. அத்தை துளசியில் ஒரு கொத்தைக் கிள்ளி அவன் கையில் வைத்து, “அந்த மாத்திரைக்கு என்ன கொறச்சல்? எனக்கு அது நல்லாத்தான் கேக்கும்” என்றார்.

மறுநாள் பிரஷர் மேலும் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் கொஞ்சம் ஏறியது. காய்ச்சல் போகப் பிரியமில்லாத விருந்தாளிபோல வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரு காலையில் போய்விட்டது. அன்றைக்கு வளவன் குரூப்பில் ரோஜாப்பூ மட்டும் போட்டான். பொன்மொழி எழுத மனசு வரவில்லை.

மூக்குக் குழாயை எடுத்து, மாத்திரையை வாய்வழியாகக் கொடுக்க ஆரம்பித்த பிறகு நல்லதம்பி முதன்முதலாக முழு வாக்கியம் ஒன்று பேசினார்.

“மச்சான், வாயெல்லாம் கசக்குது. என்ன மாத்திரை இது?”

வளவன் பேரைச் சொன்னான். நல்லதம்பி தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். “இதத் தொட்டியத்துலயே குடுப்பாங்களே. இதுக்கா தென்னூர் வரைக்கும் வந்தோம்?”

“இதுதான்னு கண்டுபுடிக்க வந்தோம் மாப்ள.”

“எதுக்கு மச்சான் இதெல்லாம்?” என்றார் நல்லதம்பி பழக்கத்தில். முதல் தடவையாக வளவன் அதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டான். அவரது கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான். விட மனசில்லை.

மாத்திரை எப்போது முடியும் என்று லின்சி வந்து சொன்னார். “கூட ரெண்டு நாள் சேத்து…” என்று வளவன் ஆரம்பித்துவிட்டான். செல்லக்கிளி திரும்பினாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு கஞ்சி டம்ளரைக் கழுவப் போனான்.

டம்ளரைக் கழுவிக்கொண்டு திரும்பும்போது வராந்தாவில் ஒரு புதுக் குரல் கேட்டது. வெள்ளை வேட்டியும் தங்க நிறக் கடிகாரமுமாக, லால்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தர், வயசில் வளவனுக்கு மூத்தவர், லின்சியை மறித்துக்கொண்டு நின்றார்.

“சாதா மருந்தெல்லாம் வேணாம் டாக்டரம்மா. இருக்குறதுலயே பெருசு எதுவோ அதைப் போடுங்க. எங்க வீட்டு மாப்பிள்ளைம்மா அவரு.”

லின்சி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வளவன் அந்த மனுஷரின் தோளில் கைபோட்டு, பக்கத்துப் பெஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவரை உட்காரவைத்து, பிளாஸ்க்கைத் திறந்து, காபியை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

“சொல்லுங்கண்ணே. கல்யாணத்துல என்ன கொறஞ்சு போச்சு?”